கூடாரமா, அடுப்பா?

சித்திரை பிறந்ததோ இல்லையோ, குழந்தைகளைக் கூடாரத்தில் தங்கவைக்கிறோம் என்கிறவர்களின் அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "இயற்கையோடு இரண்டு நாள்" என்கிறார் ஒருவர். "நட்சத்திரங்களின் கீழே ஓர் இரவு" என்கிறார் இன்னொருவர். கூடவே ஒரு படம் இருக்கும். சமமாக வெட்டிவிட்ட புல்தரை. அதன்மேல் ஆரஞ்சும் நீலமுமாகக் குமிழ் குமிழாகப் பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தப் படத்தில் ஒரு மரம் அகப்படாது. மரம் இருந்தால் கூடார வரிசை அழகாக விழாது அல்லவா?

கூடாரவாசத்துக்கு நான் விரோதி அல்ல. பச்சை மண் வாசனையும், ராத்திரியில் எங்கோ குரைக்கும் நாயும், விடியற்காலையில் முகத்தில் படுகிற பனியும் எனக்கும் பிடித்தமானவைதாம். நகரத்து அடுக்கு மாடியில் பிறந்து, லிஃப்டில் ஏறி இறங்கி வளருகிற குழந்தைக்கு அவை கிடைக்கவேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. என் சண்டையெல்லாம் மாதத்தோடும் துணியோடும்தான். அக்கினி நட்சத்திரம் எரிகிற மே மாதத்தில், சமவெளியில், நிழலற்ற தரையில், நைலான் துணிக்குள்ளே குழந்தைகளை அடைப்பது அக்கிரமம். அதற்குப் பணம் வாங்குவது அதைவிடப் பெரிய அக்கிரமம். பணத்தையும் கொடுத்துவிட்டு, "பையன் கேம்புக்குப் போயிருக்கிறான்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொள்கிற பெற்றோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்கள்தாம் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பேடன்-பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் இருபது சொச்சம் பையன்களைக் கூட்டி நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் பிறந்தது. அந்தத் தீவின் ஆகஸ்டு மாதத்தையும் நம் திருச்சிராப்பள்ளியின் மே மாதத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? அங்கே வெயில் அடித்தால் அது ஒரு வரம். பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் காய்வார்கள். இங்கே அது தண்டனை. பேடன-பவலுக்கே இது தெரியாததல்ல. 1876ல் பட்டாளத்து அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து லக்னோவில் இறங்கியவர் அவர்.

அவரை அனுப்பிய அரசாங்கம் கோடையில் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1864 முதல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக வைத்துக்கொண்டு, வைஸ்ராய் முதல் குமாஸ்தா வரை காகிதக் கட்டுகளோடு மலையேறிவிட்டது. சென்னை ராஜதானி ஊட்டிக்கு ஏறியது. வட இந்தியாவில் கலெக்டர்கள் கூடாரமடித்து ஊர் ஊராகப் போனது உண்மைதான்; ஆனால் அது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, குளிர்காலத்தில். அந்தக் கூடாரங்களும் கனத்த பருத்தித் துணியில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கூரை போட்டவை. வெள்ளைக்காரனிடமிருந்து கூடாரத்தை வாங்கிக்கொண்ட நாம், அவனுடைய காலண்டரை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம். அந்த இரண்டாவது கூரையையும் கழற்றி எறிந்துவிட்டோம்.

நமக்கென்று ஒரு வழக்கம் இல்லாமலா போயிற்று? முல்லைப்பாட்டில் ஓர் அரசனுடைய பாசறை வருகிறது. காட்டைத் திருத்தி அமைத்த அந்தப் பாசறையில் வீரர்களின் குடில்களுக்குக் கூரை எது தெரியுமா? தழை. இலை தழைகளை வேய்ந்த குடில்கள் தெருத் தெருவாக நிற்கின்றன. அதுவும் கார்காலத்துப் பாசறை! நம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போட்ட பந்தல் என்ன? தென்னங்கீற்று. பக்கம் திறந்திருக்கும், கூரை மட்டும் கனமாக இருக்கும். வெயிலை மேலே நிறுத்து, காற்றைக் கீழே விடு என்கிற ஒரே ஒரு விதிதான் அதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எந்தப் பந்தற்காரரும் பௌதிக சாஸ்திரம் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கல்யாண மண்டபத்து வாசலில் பளபளவென்று ஒரு சாயத்துணியைக் கட்டி அதற்கும் பந்தல் என்று பேர் வைத்திருக்கிறோமே, அதன் அடியில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்.

டெண்டுக் கொட்டகையை விட்டுவிடலாமா? திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமாக் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டாரே, அந்த வம்சத்தில் வந்ததுதான் நம் டூரிங் டாக்கீஸ். அங்கே பகல் காட்சி கிடையாது. வெளிச்சத்தில் படம் தெரியாது என்பது காரணம். ஆனால் தெரிந்தாலும் எவன் போய் உட்கார்ந்திருப்பான்? பொழுது சாய்ந்து, மணல் குளிர்ந்த பிறகுதான் கொட்டகைப் பாட்டு கேட்கும். தமிழன் கூடாரத்தை ராத்திரிச் சமாசாரமாகவே வைத்திருந்தான்.

இனி அந்தக் குமிழ்க் கூடாரத்துக்கு வருவோம். அது கெட்ட பொருள் அல்ல. குளிர்ந்த தேசத்து மலையேறிகளுக்காக, காற்றையும் மழையையும் தடுத்து, உள்ளே இருக்கிறவனின் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றுவதற்காகச் செய்தது. செய்த வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. மே மாதம் உளுந்தூர்ப்பேட்டையிலும் அதே வேலையைச் செய்கிறது என்பதுதான் சங்கடம்! வெயில் மெல்லிய துணியில் விழுகிறது, துணி காய்கிறது, காய்ந்த துணி உள்ளே இருப்பவன்மேல் தணல்போல அனலை வீசுகிறது. உள்ளே சூடான காற்று மேலே போகப் பார்க்கிறது. மேலே வழி இல்லை. நாலு குழந்தைகள் மூச்சு விட்டு, வியர்த்து, அந்த ஈரமெல்லாம் உள்ளேயே நிற்கிறது.

இந்த ஈரம்தான் விஷயத்தின் உயிர்நிலை. தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உடம்பு தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அப்புறம் அதற்கு இருக்கிற ஒரே வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் பயன் இல்லை, வியர்வை உலரவேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகப் போனால் சுமார் 580 கிலோ கலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது போகாது, சொட்டி விழும். சொட்டி விழுகிற வியர்வையால் உடம்பு காய்வதுதான் மிச்சம், குளிர்வதில்லை. ஆகவே வெயிலில் நிற்கிற, ஜிப்பு இழுத்து மூடிய கூடாரம் இரண்டு விதத்தில் துரோகம் செய்கிறது. சூட்டை ஏற்றுகிறது. சூட்டிலிருந்து தப்பிக்கும் வாசலையும் அடைக்கிறது.

என் தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன கோடைக்கு முந்திய கோடையில் அவனை இப்படி ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். யார் நடத்தியது, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காலையில் ஓட்டம், கயிறு ஏறுதல், வில்வித்தை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை 'ஓய்வு'. ஓய்வு எங்கே? கூடாரத்துக்குள்ளே. பூச்சி வரும் என்பதற்காகவும், பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காகவும் ஜிப்பை மூடிவிடவேண்டும் என்று உத்தரவு. முதல் நாளே அவனோடு இருந்த ஒரு பையன் வாந்தி எடுத்து, சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கிவிட்டான்.

"என்னடா பேசினான்?" என்று கேட்டேன்.

"கணக்குப் பரீட்சைக்கு நேரமாச்சுன்னு சொன்னான் மாமா. பேனாவைத் தேடினான். நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

பிள்ளைகள் சிரித்ததில் தப்பு இல்லை; அவர்களுக்கு என்ன தெரியும்? வெயிலில் வாடியவன் புத்தி தடுமாறிப் பேசினால் அது வெப்ப மயக்கத்தின் மிக மோசமான கட்டத்துக்கு அடையாளம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டியவர்கள் மேற்பார்வைக்கு இருந்தவர்கள். அவர்களில் ஒருவர், "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று அதே கூடாரத்துக்குள் படுக்க வைத்தாராம்! நல்ல வேளை, சமையற்கட்டில் வேலை செய்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டாள். பையனைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்ப மரத்தடியில் போட்டு, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, முறத்தால் விசிறியிருக்கிறாள். டாக்டர்களும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்: நிழல், நீர், விசிறல், உடனே ஆஸ்பத்திரி, நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே. பையன் பிழைத்துக்கொண்டான். அந்த அம்மாளுக்கு முகாமில் என்ன சம்பளம் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கோபம் அதிகமாகும்.

என் தங்கை அந்த முகாம்காரரைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை போட்டாள். அவர் சொன்ன பதில்: "அம்மா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏசியில் வளர்ந்தவர்கள். கொஞ்சம் வெயில் பழகட்டும்."

"என்ன அண்ணா சொல்றது இதுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

பழகட்டும் என்கிற வாதத்தை நான் அற்பமாகத் தள்ளவில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகுவது நிஜம். சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையில் உப்பை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். அதுவும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியேறி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு திரும்புகிற பையனுக்கு நீங்கள் எதைப் பழக்கப் போகிறீர்கள்? நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தூக்குகிறேன் என்பது போலல்லவா இருக்கிறது? வயலில் நாற்று நடுகிற பெண், ரோடு போடுகிற ஆள் எல்லாரும் வெயிலில் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள். ஆனால் உச்சி வேளையில் மரத்தடியைத் தேடுகிறார்கள். எந்த விவசாயியாவது மத்தியானம் ஒன்றரை மணிக்கு வெயிலில் துணியைக் கட்டி அதற்குள் மூடிக்கொண்டு படுத்ததை யாரும் பார்த்திருக்கிறீர்களா?

இனி எதிர்க் கட்சிக்கு வருகிறேன். "ஆமாம் ஐயா, கூடாரம் சுடத்தான் செய்கிறது, அதனால்தான் நாங்கள் ஏசி வைத்த கூடாரம் போடுகிறோம்" என்கிறது அது. கட்டில் மெத்தை, கண்ணாடி மேஜை, குளிர் சாதனம், வெளியே ஓர் அரிக்கேன் விளக்கு. கூடாரத்துணிக்குக் குளிரைப் பிடித்துவைக்கும் சக்தி ஏது? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டே இருப்பது போல அந்த யந்திரம் இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டே இருக்கவேண்டும். அது உள்ளேயிருந்து எடுத்த சூடும், தான் உண்டாக்கிய சூடும் எங்கே போகிறது? வெளியேதான். நான் பார்த்த ஒரு தோட்டத்தில் அந்த யந்திரங்களின் முதுகெல்லாம் பின்பக்கம் திரும்பியிருந்தது. பின்பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு சாய்ப்பு. விருந்தாளிகளின் படுக்கை விரிப்பு துவைக்கிறவர்களும் அவர்களுடைய குழந்தைகளும் குடியிருக்கிற இடம் அது. முன்னால் இருக்கிறவர் காட்டின் நடுவே குளிரில் போர்த்திக்கொண்டு தூங்குவதற்காகப் பின்னால் இருக்கிறவர் வேகிறார்.

குளிர்ந்த கூடாரமே கூடாது என்று சொல்லமாட்டேன். மக்காவுக்கு அருகே மினா பள்ளத்தாக்கில் ஹஜ் யாத்திரிகர்களுக்காக ஒரு கூடார நகரமே இருக்கிறது. 1997ல் அங்கே தீப்பிடித்து 340 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு துணிக்குப் பதிலாக, தீப்பிடிக்காத கண்ணாடி இழையால், டெஃப்லான் பூசிய கூடாரங்களை நிறுத்தி, உள்ளே குளிர்விக்கவும் ஏற்பாடு செய்தார்கள். குறித்த நாளில் குறித்த இடத்தில் லட்சக்கணக்கானவர் தங்கியே ஆகவேண்டும். மதக் கடமை காலண்டரைப் பார்த்துத் தள்ளிப்போகாது. அங்கே அது நியாயம். ஆனால் 2024 ஜூனில் மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியபோது இறந்துபோனவர்கள் 1,301 பேர் என்று சவூதி அரசாங்கம் சொல்லிற்று. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள். ஒதுங்க இடமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். கூடாரம் குளிர்ந்துதான் இருந்தது. சீட்டு இருந்தவருக்குக் குளிர்ந்தது. அப்பேர்ப்பட்ட இடத்திலேயே நிழல் சீட்டுக்குள் போய்விட்டதென்றால், உல்லாசத்துக்காகக் கூடாரம் போடுகிற இடத்தில் கேட்கவா வேண்டும்?

மின்விசிறி, ஐஸ்கட்டி வித்தைகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறியை நம்பாதே, அது உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விசிறிக்கு முன்னால் ஐஸ் வைக்கிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகினால் எடுக்கிற சூடு 80 கிலோ கலோரி. ஒரு கிலோ தண்ணீர் உடம்பின்மேல் உலர்ந்தால் எடுப்பது அதைப்போல ஏழு மடங்கு. ஆகவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காற்று வரும் திசையில் உட்காருவது புத்திசாலித்தனம். நம் தாத்தாக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் அதைப் பட்டிக்காட்டு வழக்கம் என்றோம். மதுரை, வேலூர் போன்ற வறண்ட காற்றில் இது பிரமாதமாக வேலை செய்யும். கடற்கரையில் அவ்வளவு பலன் இராது; அங்கே காற்றிலேயே ஈரம் அதிகம்.

"அப்படியானால் கோடையில் குழந்தைகளை எங்கேயும் அழைத்துப் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். உயரமாகப் போங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறைகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் ஏழெட்டு டிகிரி குறையும். எந்த யந்திரமும் வேண்டாம், கரண்டு பில்லும் கிடையாது. ஆனால் காய்ந்த புல் நிற்கிற மலைச்சரிவுகளில் கோடையில் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் அகப்பட்டு மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் செத்ததை மறந்துவிட்டு, 'கேம்ப் ஃபயர்' கேட்டு அடம் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மலைக்குப் போக வசதியில்லாதவர்கள் சமவெளியிலேயே போடலாம்; போடுகிற விதம் இருக்கிறது. புங்கமோ வேம்போ புளியோ, அகலமான நிழல் உள்ள இடமாகப் பார்க்கவேண்டும். காலை ஒன்பது மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து இடம் பிடிக்கிறார்கள். சூரியன் மேற்கே சாய்ந்ததும் கூடாரம் வெயிலில் நிற்கிறது. மாலை மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்க்கவேண்டும்; பகலின் பெரிய சூடு அப்போதுதான். பட்ட கிளை தலைக்குமேல் தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு, இன்னொரு துணியோ கீற்றோ நாலு கம்பில் கட்டவேண்டும். வெயில் அதில் பட்டுக் காயும், இடைவெளியில் ஓடுகிற காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். கலெக்டர் கூடாரத்து இரண்டாவது கூரை இதுதான். வாசல் காற்று வரும் பக்கம் பார்க்கட்டும், எதிர்ப்புறமும் திறந்திருக்கட்டும். கடலோரமானால் பகல் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் கடற்காற்று புறப்படும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடாரம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முக்கியமாக, பகலில் உள்ளே ஒரு ஜீவனும் இருக்கக் கூடாது. பெட்டி படுக்கை இருக்கட்டும். பிள்ளைகள் மரத்தடியில் பாய் போட்டுப் படுக்கட்டும், பல்லாங்குழி ஆடட்டும், நீர்மோர் குடிக்கட்டும்.

ராத்திரிக்கும் அந்த நைலான் குமிழ் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. நட்சத்திரங்களின் கீழே என்று விளம்பரம் செய்துவிட்டு, நட்சத்திரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு துணியைக் கட்டுவானேன்? தெளிந்த வானம் ராத்திரியெல்லாம் பூமியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மொட்டை மாடியில் படுத்தவர்களுக்கு இது தெரியும். நடு ஜாமத்துக்குமேல் போர்வையைத் தேடியிருப்பார்கள். பாம்பு தேள் பயம் என்பார்கள். நியாயமான பயம். கயிற்றுக் கட்டில் போடுங்கள். தரையை விட்டு ஒன்றரை அடி உயரம், கீழேயிருந்தும் காற்று. கொசு என்பார்கள். நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கொசுவலை கட்டுங்கள். மேல்துணி சுருட்டினபடியே தலைமாட்டில் இருக்கட்டும். மழை வந்தால் இழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகும்.

வருகிற கோடையிலும் அழைப்புகள் வரும். பணம் கட்டுவதற்கு முன் அந்த முகாம்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றிரண்டு கேள்விகள் கேளுங்கள். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? அங்கே மரம் எத்தனை? மயங்கி விழுந்தால் பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல்? சமைக்கிற அம்மாளும் துணி துவைக்கிறவரும் எங்கே படுப்பார்கள்? என் தங்கை போன வருஷம் ஆறு பேரிடம் இப்படிக் கேட்டாள். நாலு பேர் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒருவர் மட்டும், "மேயில் வேண்டாம் அம்மா, டிசம்பர் லீவில் அனுப்புங்கள்" என்றார். பையன் டிசம்பரில் போய்வந்தான்.